எஃப் டூவுக்குள் இருபத்து மூன்று படிகள்

கலைமணியம்மா கடைக்குள் வந்து உட்காரவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் அவர். எப்போது வந்தாலும் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி கேட்பவர், இன்று நின்றபடியே ஒரு படத்தைக் கவுண்டரின் மேல் வைத்தார்.

"ஏனுங்க பிரபாகர், இது யாருங்க?"

ஸ்டூடியோக்காரர் பிரபாகர் குனிந்து பார்த்தார். "உங்க பள்ளிக்கூடத்துப் பையன்தானுங்க. கீழ பேரு இருக்குதுங்களே. தனுஷ்."

"தனுஷுக்கு வலது கன்னத்துல மொளகாட்ட ஒரு மச்சம் இருக்கும். அவுங்கப்பனுக்கும் அதே எடத்துல இருக்கும். அது எங்க போச்சுங்க?"

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மச்சம் இல்லை.

கலைமணியம்மா பொதுத்தேர்வு விண்ணப்பத் தாள்களை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு கட்டம். வலது கன்னத்தில் மச்சம். இடது புருவத்தின் மேல் தழும்பு. தாடையில் மச்சம். தாளில் எல்லாம் இருந்தன. படங்களில் எதுவும் இல்லை.

"பத்தாவது படிக்கிற புள்ளைங்க எண்பத்தாறு பேரு. ஒருத்தர் மூஞ்சிலயும் ஒண்ணுமில்லீங்க. உரிச்ச முட்டையாட்ட வரிசையா உக்காந்திருக்கறாங்க. ஹெட்மாஸ்டர் கேக்கறாரு, இது நம்ம புள்ளைங்களா, இல்ல வாடகைக்குக் கூட்டியாந்தீங்களான்னு."

"சரி பண்ணிடலாமுங்க."

"இதையெல்லாம் குடுக்க மூன்றரை பஸ்ஸுக்கு நான் நாமக்கல் போவோணும். அதுக்குள்ள குடுத்தாப் பாருங்க. இல்லீன்னா நாமக்கல்லயே ஒரு ஸ்டூடியோவுல எடுத்துக்கச் சொல்லிட்டாரு. இந்த வருசம் மட்டுமில்ல, இனிமேலும்."

மணி பதினொன்றே கால்.

உள்ளே கணினி முன் உட்கார்ந்திருந்த ஷைமாவுக்கு எல்லாம் கேட்டது. அந்த எண்பத்தாறு படங்களையும் செய்தவள் அவள்தான். செய்தவள் என்பதுகூடப் பெரிய சொல். படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, எஃப் டூ விசையை அமுக்கிவிட்டுக் காத்திருந்தாள். மற்றதை ஆக்‌ஷன் பார்த்துக்கொண்டது.

அந்த ஆக்‌ஷனைப் பதிந்து வைத்தவன் நவீன்குமார். ஒரு படத்தில் அவன் செய்த வேலையை ஃபோட்டோஷாப் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டது. இப்போது எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதே வரிசையில் தானே செய்து முடிக்கும். நவீன்குமார் போன வருடம் சேலத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனான். 'ஸ்கூல் - எஃப் டூ. வேறு எதையும் தொடாதே.'

ஷைமா ஒரு வருடமாக வேறு எதையும் தொட்டதில்லை.

பிரபாகர் சேலத்துக்குப் போன் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அண்ணா, அது நான் பதிஞ்ச ஆக்‌ஷனுங்ணா. உள்ள ஏதோ ஒரு ஸ்டெப்பு அப்பிடிப் பண்ணுது. ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

"ஞாயித்துக்கெழம வந்து என்றா பண்றது? இன்னிக்கு மூன்றரைக்கு வேணும். போன்லயே சொல்லு, ஷைமா பண்ணட்டும்."

"அதுக்குச் சொன்னாப் புரியாதுங்ணா. அது பட்டன் அமுக்கற புள்ள. பேசாம என்னையத் திரும்பக் கூப்புட்டுக்கங்க. அதைப் பழையபடி கவுண்டர்ல உக்கார வைங்க."

பிரபாகர் ஸ்பீக்கரை அணைத்தார். கொஞ்சம் தாமதமாக.

கலைமணியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மிணி, உன்னையத்தான் சொல்றானா?"

"ஆமாங்க."

"கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கற?"

ஷைமா விசைப்பலகையின் ஓரத்துச் சீட்டைப் பார்த்தாள்.

"சரி, நான் ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்புட்டுட்டு வாரேன். மூணு மணிக்கு இங்க நிப்பேன்."

அவர் படியிறங்கியதும் ஷைமா நகத்தால் சீட்டின் ஓரத்தை நெம்பினாள். பாதிதான் வந்தது. மீதியைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்தாள். பிறகு திரையின் ஓரத்தில் 'ஸ்கூல்' என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முக்கோணத்தைத் தட்டினாள். அது கீழே திறந்துகொண்டது. இருபத்து மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டிக்.

எந்தப் படத்தை வைத்துப் பார்ப்பது? அவள் கழுத்தில் ஸ்டூடியோவின் அடையாள அட்டை தொங்கியது. அதில் அவள் முகம். அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அட்டையில் இல்லை. இத்தனை நாளும் அதை ஃபிளாஷ் வெளிச்சம் என்று நினைத்திருந்தாள்.

பழைய ஃபோல்டரில் தேடித் தன் அசல் படத்தை எடுத்தாள். மச்சம் இருந்தது. ஆக்‌ஷன் ஓடும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் மூன்று நொடி நிற்கும்படி வைத்தாள். ஓடவிட்டாள்.

முதல் படி, படத்தை அட்டை அளவுக்கு வெட்டியது. இரண்டாவது, சாய்ந்த தலையை நேராக்கியது. அவள் தலை சாய்ந்திருக்கவில்லை, ஆனாலும் யாருடைய தலைக்கோ பதிந்த அளவில் திருப்பியது. இது அவளுக்கு வியப்பாக இருந்தது. அது பார்த்துச் செய்வதில்லை. செய்ததைச் செய்கிறது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது படி, படத்தின் மேல் அதே படத்தின் நகல் ஒன்றை விரித்தது. பத்தாவதில் அந்த நகல் ஈரக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மழுங்கியது. பதினொன்றில் நகல் கொஞ்சம் மெலிதானது. பன்னிரண்டில் இரண்டும் ஒட்டி ஒன்றாயின.

மச்சம் போயிருந்தது.

நகலை விரிப்பதால்தானே இவ்வளவும் என்று ஒன்பதாவது படியின் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பதினொன்றில் நின்றது. இந்தக் கட்டளையை இப்போது செய்ய முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. மச்சமும் போயிருந்தது, முன்னைவிட மோசமாக. நகல் இல்லாததால் மழுக்கல் அசல் மேலேயே விழுந்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் பின்னால் நின்ற பிரபாகர்.

"ஒம்பது, கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரிங்கண்ணா. அது மேல நின்னுதான் மத்த மூணும் வேல செய்யுது. சாரத்த எடுத்துப்போட்டேன்."

"கெட்டுப் போச்சா?"

"அசல் தனியா பத்திரமா இருக்குதுங்க. டீ சொல்லுங்க."

அவள் அவரிடம் டீ சொல்லச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் போய்ச் சொன்னார்.

ஒன்பதைத் திரும்ப வைத்தாள். பத்தின் டிக்கை எடுத்தாள். ஓட்டினாள். மச்சம் நின்றது. ஆனால் வெளிறிக் கிடந்தது, பென்சில் புள்ளிபோல. அப்படியானால் இன்னொன்று இருக்கிறது. பதினாறு. முகத்தில் எங்கெல்லாம் கருமை உண்டோ அங்கெல்லாம் அதைத் தூக்கி வெளுப்பாக்கும் படி அது. எண்பத்தாறு முகமும் ஒரே நிறத்தில் இருந்தது எதனால் என்று அப்போது தெரிந்தது.

கடைசிப் படி சேமிப்பது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடத்தான் இருந்தாள். வரிசையாக வந்துவிட்டோமே என்று அதையும் திறந்தாள். நவீன்குமார் முதன்முதலில் படத்தைச் சேமித்த ஃபோல்டரின் பெயர் அப்படியே பதிந்திருந்தது.

ஜாதகம்.

ஷைமா சிரித்துவிட்டாள். பிரபாகர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"அடப்பாவி. மாப்ள ஊட்டுக்குக் குடுக்கற பொண்ணு போட்டோவுக்குப் பதிஞ்சதா இது?"

"அதுக்குப் பதிஞ்சிட்டு, ஸ்கூல்னு பேர மட்டும் மாத்தியிருக்கறாருங்க."

"அதான பாத்தேன். அங்க மச்சம் இருந்தாக் காசு குடுக்க மாட்டாங்க."

"இங்க இல்லீன்னா ஆர்டரே போயிருமுங்க."

மணி ஒன்று. நவீன்குமாரின் ஆக்‌ஷனைத் திருத்தி முடிக்கலாம். டிக்குகளை எடுத்துவிட்டால் போதும். ஷைமா அந்த இருபத்து மூன்றையும் இன்னொரு முறை பார்த்தாள். எது எதற்கு என்று இப்போது தெரியும். எது வேண்டாம் என்றும் தெரியும். முக்கோணத்தைத் தட்டி மூடினாள். புதிதாக ஒன்றைத் திறந்து, பதியும் சிவப்பு வட்டத்தை அமுக்கினாள். தனுஷின் அசல் படத்தை எடுத்து, யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் செய்தாள். வெட்டுதல். பின்புறத்துக்கு வெளிர்நீலம். சட்டைக் காலரின் ஓரத்தைத் தெளிவாக்குதல். பதினொரு படிகளில் முடிந்தது.

வெளிச்சம் கூட்டும் படியில் மட்டும், நின்று அளவைக் கேட்கும்படி வைத்தாள்.

"எண்பத்தாறு தடவ நிக்குமே?" என்றார் பிரபாகர்.

"நிக்கட்டுமுங்க. ஒரு முகத்துக்கு வெச்ச வெளிச்சம் இன்னொன்னுக்கு ஆகாது."

நின்றது. ஒவ்வொரு முறையும் ஷைமா முகத்தைப் பார்த்து, அளவைக் கொடுத்து, விட்டாள். ஒரு பெண்ணின் நெற்றியில் அம்மைத் தழும்பு. ஒருவனுக்கு மூக்கு நுனியில் கடுகளவு மச்சம். கறுத்த முகங்கள் கறுப்பாகவே தெளிந்து வந்தன. மணி இரண்டே முக்காலுக்கு எண்பத்தாறாவது முடிந்தது. அப்போதுதான் டீயைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

கலைமணியம்மா மூன்று மணிக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். மின்விசிறிக்கு நேராக. அவர் விண்ணப்பத் தாள்களை ஒவ்வொன்றாகப் படிக்க, ஷைமா படத்தைக் காட்டினாள்.

"வலது கன்னத்துல மச்சம்."

"இருக்குதுங்க."

"புருவத்துல தழும்பு."

"இருக்குதுங்க."

முப்பத்து நான்காவதில் கலைமணியம்மா நிறுத்தினார். "இடது கன்னத்துல மச்சம்னு இருக்குது. இவளுக்கு வலதுல இருக்குது. படத்தத் திருப்பிப் போட்டுட்டியா, அம்மிணி?"

ஷைமா படத்தைப் பெரிதாக்கினாள்.

"சட்டையில பேட்ஜ் எந்தப் பக்கம் குத்துவாங்க?"

"இடது பக்கம்."

"படத்துல பேட்ஜ் இந்தப் பக்கம். மச்சம் எதிர்ப் பக்கம். அப்ப வலதுதானுங்க. படம் சரி. தாள்தான் தப்பு."

கலைமணியம்மா தன் இடது தோளைத் தொட்டு, திரையைப் பார்த்து, மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். எழுத்து அவருடையதுதான்.

"பேனா குடு" என்றார். அடித்துத் திருத்திச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். "ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லிப்போடாத."

மீதியை வேகமாகப் பார்த்து முடித்தார்கள். படங்கள் ஏற்றிய பென் டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தவர், வாசலில் திரும்பினார். "பிரபாகர், அடுத்த மாசம் ஆறாவதும் ஏழாவதும் இருக்குது. இந்தப் புள்ளையே பண்ணட்டும்."

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே போன் அடித்தது. சேலம். பிரபாகர் பெயரைப் பார்த்தார். எடுத்து ஷைமாவிடம் நீட்டினார்.

"நீயே பேசு."

"எந்த ஸ்டெப்புன்னு கண்டுபுடிச்சியா?" என்றான் நவீன்குமார்.

"பத்துங்கண்ணா. அப்புறம் பதினாறு. ஒம்பதத் தொட்டா பதினொண்ணுல நின்னுரும்."

ஷைமா காலண்டர் தாளில் கடைசி வரிக்கு வந்தாள்.

"இருபத்து மூணுல ஜாதகம்னு இருக்குதுங்க."

"அதையும் தொறந்து பாத்தியா?" குரல் இறங்கியிருந்தது. "சரி. இப்ப எத வெச்சுப் பண்ணுன?"

"புதுசா ஒண்ணு பதிஞ்சேனுங்க."

"நீயா?"

"நாந்தானுங்க."

"எனக்கு அனுப்பேன். இங்கயும் ஸ்கூல் ஆர்டர் ஒண்ணு வந்திருக்குது."

ஷைமா பிரபாகரைப் பார்த்தாள். அவர் விசைப்பலகையில் சீட்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பசையின் தடம் மட்டும் இருந்தது.

"அனுப்பறேனுங்கண்ணா. பதினோரு ஸ்டெப்பு. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தமிழ்ல எழுதி அனுப்பறேன். படிச்சுட்டு அமுக்குங்க."