கசிவு குறைந்த அணை

எங்கள் மண் அணைக்கு அறுபத்திரண்டு வயது. தினமும் காலை எட்டு மணிக்கு அதன் அடிவாரத்தில் கசிவை அளப்பது என் வேலை. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். கரைக்குள் ஊறும் தண்ணீர் அடிவாரத்துக் கல் அடுக்கு வழியாக வடிந்து ஒரு சின்ன வாய்க்காலில் ஓடும். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தகரம், தகரத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறி ஓடுகிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு வருஷமாகப் போடுகிறேன். அலுவலகத்தில் எனக்கு 'சென்டிமீட்டர்' என்றே பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். என் வாய்க்குப் பயம்.

போன கோடையில் ஆய்வுக் குழு வருகிறது என்று பொறியாளர் ஒரு சுற்று வந்தார். சின்ன வயசு, வெள்ளை ஷூ. கல் அடுக்கைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னங்க இது, ஒரே பாசியும் சொதசொதப்புமா? வர்றவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் நீட் பண்ணி வைங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் சமையல் மேடையில் ஒரு சொட்டு ஈரம் நிற்காது, என்னைப் பார்த்தா இப்படிச் சொல்வது? மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன். பாசியைச் சுரண்டிப்போட்டு, கல் இடுக்குகளில் எல்லாம் சிமெண்ட் கலவையை வைத்துப் பூசினோம். ஓரமாகக் கொஞ்சம் விட்டுவைக்கலாமா என்று கொத்தனார் கேட்டார். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

குழு வந்தது, பாராட்டியது, டீ குடித்துவிட்டுப் போனது. பிறகு மழை பிடித்துக்கொண்டது, அணை நிரம்பியது. நிரம்பிய அணையில் வழக்கமாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஓடும் கசிவு, இந்த முறை ஏழானது. பிறகு ஐந்து. பிறகு நான்கு. "அணைக்கு வயசு குறையுது போல!" என்று பொறியாளர் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அணை நிறைய நிறையக் கசிவு எப்படிக் குறையும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. சின்ன எண் என்றால் நல்ல எண் என்று கை பழகிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தம்பி போன் செய்தான். அவன் வீடு அணைக்குக் கீழே, கரையிலிருந்து கூப்பிடு தூரம்.

"அக்கா, நம்ம அதிர்ஷ்டத்தைப் பாத்தியா? வீட்டுக்குப் பின்னாடி ஊத்து வந்திருக்கு! இனிமே குழாய்த் தண்ணிக்குத் தவம் கிடக்க வேணாம்."

"எப்பலேருந்து?"

"மூணு நாளா. ரெண்டடி தோண்டிட்டேன். தோண்டத் தோண்ட ஜோரா வருது!"

போனை வைத்தேனா, அப்படியே பிடித்துக்கொண்டு ஓடினேனா, நினைவில்லை. போனபோது தம்பி முழங்கால் வரை சேறோடு குழிக்குள் நின்றிருந்தான். அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சேற்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். குழியின் நடுவில் தண்ணீர் உலை கொதிப்பது போலக் குமிழ் விட்டது. அதைச் சுற்றிக் குவிந்திருந்த மண் கறுப்பு. குழந்தையின் கையெல்லாம் கறுப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு பிடி கறுப்பு மண் கிடையாது, எல்லாம் செம்மண். கறுப்புக் களி இருப்பது ஒரே இடத்தில்தான். அணை கட்டியபோது வெகு தொலைவிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து, கரையின் நடுவில் வைத்து இடித்த மண் அது. தண்ணீரைத் தடுத்து நிற்பதே அதுதான். நான் ஒரு வழியை அடைத்தேன்; தண்ணீர் கரையை உள்ளே அரித்துக்கொண்டு இன்னொரு வழி பார்த்துவிட்டது.

"மம்பட்டியைக் கீழ போடுடா!"

"ஏங்க்கா கத்தறே?"

"இது ஊத்து இல்லடா, கரை அரிக்குது! உன் பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கிட்டு மேட்டு ரோட்டுக்குப் போ. தெருவுல ஒரு வீடு விடாம சொல்லு!"

அவன் மனைவி நாலா பக்கமும் குரல் கொடுத்துக்கொண்டு ஓடினாள். நான் போனில் பொறியாளரைப் பிடித்தேன். உடனே மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்க வேண்டும் என்றேன்.

"விளையாடறீங்களா? ரெண்டாம் போகத்துத் தண்ணி பூரா ஆத்தோட போயிடும். விவசாயிங்களுக்கு யாரு பதில் சொல்றது? உங்க பதிவேட்டுல நாலு சென்டிமீட்டர்தானே இருக்கு? உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். மூன்று மாதமாக அணை நன்றாக இருக்கிறது என்று சாட்சி சொன்னவள் நான்தான்.

"அந்த நாலு கசிவு இல்ல சார், அடைப்பு. கல் இடுக்கை எல்லாம் சிமெண்ட் வச்சுப் பூசிட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பூசச் சொல்லலையே."

"நீங்க சொல்லல சார்."

"அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் திறக்கறேன்."

அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. நேரமில்லை. திண்ணையில் கிடந்த குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவள் பென்சிலாலேயே எழுதினேன். வேலை போகும் என்று தெரிந்துதான் எழுதினேன். தம்பி போகாமல் என் தோளுக்குப் பின்னால் நின்று வரிக்கு வரி படித்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அரை மணி நேரத்தில் மதகு திறந்தது. மத்தியானம் லாரியில் மணலும் ஜல்லியும் வந்தன. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது என்று ஊற்றின் மேல் பரப்பினார்கள். என் சிமெண்ட் பூச்சைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அணையில் ஓர் அடி இறங்கி, குமிழ் அடங்கத் தொடங்கியது. கரை நின்றுவிட்டது. ஆனால் தம்பி வீட்டின் பின்சுவர் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

நாற்பது வீட்டு ஜனமும் மேட்டு ரோட்டில் பாய், பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் தம்பி எழுந்து வந்தான்.

"எப்பக்கா திரும்பிப் போலாம்?"

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வாய் எடுத்தேன்.

"தெரியலடா."

"அணைக்குக் கீழ வீடு கட்டலாமான்னு உன்னைத்தான் கேட்டேன். அப்ப மட்டும் தெரியும், கட்டுன்னு சொன்னியே."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். தூங்கிப்போன மகளைத் தோள் மாற்றிக்கொண்டு அவன் பாயில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை.