பிரசங்கத்தின் வால்

ஒலிப்பதிவிலிருந்து போதகரின் மூன்றாவது செருமலை வெட்டியெறிந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றை சபிதா இன்னும் தொட்டிருக்கவில்லை. முக்கால் மணி நேரப் பிரசங்கத்தைக் கால் மணிக்குள் அடக்கி, சாயங்காலத்துக்குள் சபையின் பாட்காஸ்டில் ஏற்றியாக வேண்டும். வார நாட்களில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கோவில்பட்டி வீட்டிலிருந்தே செய்கிற வேலையும் இதுதான். அதனாலோ என்னவோ, யாராவது நீட்டி முழக்கினால் அவளுக்கு விரல் அரிக்கும். அம்மா சந்தைக்குப் போய்வந்த கதையை ஆரம்பித்தாலே "விசயத்துக்கு வாங்க" என்பாள். ஒருமுறை அம்மா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. சபிதாவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் சுகமில்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொல்லும். சபிதா அதற்கு வைத்த பெயர் வால். ஊர் உலகத்துக்கு இந்தப் பெயர்கள் எதற்கு என்று ஆரம்பத்திலேயே வாலை நறுக்கிவிட்டாள். கேட்பவர்கள் கூடினார்கள், போதகருக்கும் பெருமைதான். போன மாதம், சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் சபைப் பையன் ஜேம்ஸ்ராஜ் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பேரையெல்லாம் ஏன் வெட்டுதீங்க?"

"நீளமா இருக்குல்லா ஜேம்ஸு. இப்பம் பிரசங்கம் தெளிவா இருக்கா இல்லையா?"

"பிரசங்கத்துக்கா நான் கேக்கேன்? அம்மைக்கு முடியலன்னா வீட்ல சொல்ல மாட்டாவ. ஐயா ஜெபத்துல அம்மை பேரு வரலன்னாத்தான் எனக்கு உறக்கம் வரும்."

அந்த வாரமே வாலைத் திரும்ப ஒட்டிவிட்டாள்.

இன்றைக்கு ஜெபத்தில் அவன் அம்மா மேரிராணியின் பெயர் வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஜேம்ஸ்ராஜின் அப்பா கிறிஸ்துராஜ் கோயில் வாசலில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"செவ்வாக்கிழமை திருநவேலில ஆபரேசன்மா. மேரிராணி பேரை மட்டும் எடுத்துரு."

"அவன் என்னை நம்பிக் கேக்கான் மாமா."

"இப்பம் பாதியில வந்தாம்னா திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டாவ. நான் சொல்லல, அவன் அம்மைதான் சொல்லச் சொன்னா."

மேரிராணி கொஞ்சம் தள்ளி, வேப்பமர நிழலில், இவர்களைப் பார்க்காததுபோல் நின்றுகொண்டிருந்தாள்.

"பேரை எடுத்துருதேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, கை ஓடவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள். மதுரைப் பக்கம் போகும் ரயில் கடந்து முடிகிறவரை நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாலை முழுசாக வெட்டினால் ஜேம்ஸ்ராஜ் உடனே போனைப் போடுவான். பெயரை மட்டும் வெட்டினால் நிம்மதியாகத் தூங்குவான். இத்தனை நாள் வெட்டியதெல்லாம் சளசளப்பு. இது பொய். பொய்யை இவ்வளவு சுத்தமாகச் செய்யத் தெரிந்திருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பெயரை வெட்டினாள். ஒட்டிய இடத்தை ஓடவிட்டுக் கேட்டாள்.

"தேவசகாயத்துக்காக." ஆமென். ஆமென்.

பெயர் போய், அதற்குச் சபை சொன்ன ஆமென் தங்கிவிட்டது. மறுபடி கேட்டாள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் பிந்தி வந்தது. மேரிராணி எப்போதுமே அப்படித்தான், பாட்டிலும் கடைசியாகத்தான் முடிப்பாள். தன் பெயருக்குத் தானே சொன்ன ஆமென்.

பெயரில்லாமல் வரும் அந்த ஆமென் யார் குரல் என்று ஜேம்ஸ்ராஜுக்குத் தெரியாமல் போகாது. ஒரு சொடுக்கில் அதையும் எடுத்துவிடலாம். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். பெயரை எடுப்பதாகத்தானே மாமாவிடம் சொன்னோம் என்று நினைத்தாள். அப்படியே ஏற்றிவிட்டாள்.

ஆறிப்போன சோற்றை இழுத்துவைத்துக் குழம்பை ஊற்றினாள். போனில், கேட்டவர்கள் என்ற இடத்தில், பூஜ்யம் ஒன்றானது. ஷிப்ட் முடிந்ததும் முதல் ஆளாகக் கேட்பவன் ஜேம்ஸ்ராஜ்தான். வால் வருவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சபிதா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்திவைத்துவிட்டு, பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.