சிவப்பு வாளி

"கோவிந்தம்மா, நீ உள்ள போயி கதவ சாத்திக்கோ. வலைக்குத் துணி கட்டி முடியற வரிக்கும் எட்டிப் பாக்காத," என்றாள் மாமியார் செல்லியம்மாள்.

கோவிந்தம்மா அசையவில்லை. வாசலில் விரித்துக் கிடந்த அந்த நைலான் வலையைப் பின்னியவள் அவள்தான். நூல் அறுத்த தழும்பு இன்னும் விரல்களில் இருந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில் வலையை யார் வேண்டுமானாலும் பின்னலாம். பின்னி முடித்த வலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துணி கட்டுவது மட்டும் பிள்ளை பெற்ற கையாக இருக்க வேண்டும். பிள்ளை இல்லாதவள் கை பட்டால் மீன் விலகிப் போய்விடும் என்பார்கள். அந்த ஏரி மீன்கள் எந்த வீட்டில் தொட்டில் ஆடுகிறது, எந்த வீட்டில் ஆடவில்லை என்று அவ்வளவு துல்லியமாக விசாரித்து வைத்திருந்தன.

துணியோடு நின்றவள் மூத்த மருமகள் முத்தம்மாள். நான்கு பிள்ளைக்காரி. மஞ்சள் தண்ணீர் சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. குப்பத்துக்கு வந்த முதல் பிளாஸ்டிக் வாளி. போன வருஷம், எழுபத்தொன்றில், முத்தம்மாளின் புருஷன் முனுசாமி திருவள்ளூர் போனபோது குலுக்கலில் விழுந்தது என்று கொண்டுவந்தான். வந்ததும் ஒரு வாரம் தொழிலுக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். வாளி தூக்கி வந்த அசதி என்று அவன் சொன்னதைக் குப்பம் நம்பியது. வாளி பெரிய வாளிதான்.

"இன்னாமே, காதுல விழல? வெள்ளிக்கிழமை எளாவூருக்கு துலுக்காணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அதுக்கு முன்ன வலை தண்ணில எறங்கணும்."

கோவிந்தம்மா புருஷனைப் பார்த்தாள். துலுக்காணம் வலையின் முடிச்சுகளை எண்ணுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

கல்யாணமாகி ஏழு வருஷம். வேப்பங்கொழுந்து, சுட்ட ஓணான், கோயில் மண் என்று அவள் விழுங்காதது பாக்கியில்லை. கடைசியில் தானாகவே ரயிலேறி மதராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். லேடி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பை, அதன் இரண்டு பக்கமும் குழாய், குழாய் முனையில் முட்டை. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்ததற்கு மாத்திரை கொடுத்தார். முட்டை வருகிறதா என்று பார்க்க, தினம் காலையில் எழுந்திருக்கும் முன் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்க்கச் சொன்னார். அவள் கண்ணாடி பீடி குடிக்கிறாள் என்று குப்பம் ஒரு மாதம் பேசியது. பிறகு குழாயில் அடைப்பு உண்டா என்று காற்று ஊதிப் பார்த்தார்கள்.

"தோள்ல வலிச்சா சொல்லும்மா," என்றார் டாக்டர். "குழாய் தொறந்திருந்தா காத்து வயித்துக்குள்ள போகும். எழுந்து உக்காந்தா தோள் வலிக்கும்."

எழுந்து உட்கார்ந்தாள். தோளில் கத்தி செருகியதுபோல் வலித்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

இப்போது அந்தத் தோளை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "அத்தே, எனக்குப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. இவரும் டெஸ்ட்டுக்கு ஒரு பாட்டில்ல குடுக்கணும்னு டாக்டரம்மா எத்தினி தபா சொல்லியனுப்பிட்டாங்க. குடுக்கட்டும். குத்தம் என்னுதுன்னு அவங்க சொன்னா, எளாவூருக்கு நானே வெத்தல பாக்கு எடுத்துக்கினு போறேன்."

"ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு?" என்றான் துலுக்காணம்.

"பயமா கீதா நைனா?" என்று வலை தூக்க வந்த கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் ஒப்புக்கொண்டான். துணி கட்டுவது தள்ளிப்போனது.

மதராஸுக்கு நால்வராகப் போனார்கள். செல்லியம்மாள் தீர்ப்பைக் காதால் கேட்க வந்தாள். முனுசாமி தம்பிக்குத் துணையாக வந்தான். பாட்டிலை வாங்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் பின்கட்டுக்குப் போனார்கள். இதற்குக்கூடத் துணை வேண்டுமா என்று கோவிந்தம்மா நினைத்தாள். கேட்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

"கோவிந்தம்மாகிட்ட இப்ப ஒரு குறையும் இல்ல. இந்தப் பாட்டில்லதான் ஒரு உயிரணுகூட இல்ல. இதுல பிள்ளை பிறக்காது."

துலுக்காணம் துள்ளி எழுந்தான். "அது என்னுது இல்ல டாக்டரம்மா. எங்க அண்ணனுது. நாலு புள்ள பெத்தவன்னுதான் அவன உட்டு குடுக்க வெச்சேன். உங்க மிஷின்தான் கோளாறு."

டாக்டர் முனுசாமியைப் பார்த்தார். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டியாப்பா?"

முனுசாமி தரையைப் பார்த்தான். "திருவள்ளூர் முகாம்ல. வாளி குடுத்தாங்கோ. பலத்துக்கு ஒரு கொறையும் வராதுன்னு சத்தியம் பண்ணாங்கோ. பலத்ததான் பாப்பீங்கன்னு நெனச்சேன்."

செல்லியம்மாள் பெரிய மகனைப் பார்த்தாள், சின்ன மகனைப் பார்த்தாள், யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அது முதல் முறை.

டாக்டர் புதுப் பாட்டில் ஒன்றை நீட்டினார். துலுக்காணம் வாங்கவில்லை. கோவிந்தம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னிக்கு ஒடம்பு சரியில்ல," என்றான் அவன்.

ஊர் திரும்பி நாலைந்து நாள் ஆகியும் அவன் உடம்பு சரியாகவில்லை. எளாவூர்ப் பெண் பேச்சும் அப்படியே நின்றுபோனது. மறுபடி வலை விரித்தார்கள். வாளியில் மஞ்சள் கரைத்தார்கள்.

"முத்தம்மா, துணிய கட்டு," என்றாள் செல்லியம்மாள், எதுவும் நடக்காததுபோல்.

முத்தம்மாள் வாளியைப் பார்த்தாள். "அஞ்சாவது வேணாம் வேணாம்னு மாசா மாசம் ஆத்தாள வேண்டிக்கினு கெடந்தேன். ஆத்தா கேட்டுட்டான்னு படையல் வேற போட்டேன். கடைசில பாத்தா வாளி." துணியைக் கோவிந்தம்மாவிடம் நீட்டினாள். "நீயே கட்டு. பின்னுனவ நீ."

"புள்ள பெத்த கைதான் கட்டணும்," என்றாள் செல்லியம்மாள். குரலில் பழைய உறுதி இல்லை.

"குத்தம் எம்மேல இல்லன்னு நீயும்தான் கேட்டே அத்தே. இருந்திருந்தாலும் இன்னா? என் கர்ப்பப்பையா வலை பின்னிச்சு? இந்தக் கைதான பின்னிச்சு?"

கோவிந்தம்மா துணியைக் கட்டினாள். முந்தானையை அவிழ்த்து அந்தக் காலிப் பாட்டிலை வலையின் நடுவில் வைத்தாள். வலையைத் தூக்க வந்து நின்ற ஆண்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இனிமே பரிச்சை குடுத்த கைதான் இந்த வலைய தொடணும். நான் குடுத்துட்டேன். நீங்க?"

ஒவ்வொரு கையாக வலையிலிருந்து விலகியது. ஒருவருக்கு பீடி தேட வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு எளாவூரில் லாரிக்காரனைப் பார்க்கும் வேலை ஞாபகம் வந்தது. முனுசாமி மட்டும், தான் கொடுத்தாயிற்று என்று வாயெடுத்தவன், முத்தம்மாள் திரும்பியதும் அடக்கிக்கொண்டான்.

ஓரகத்திகள் இருவரும் வலையை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினார்கள். கோவிந்தம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். காற்று வந்து வலித்த அதே தோள். சிந்தாமல் வாளியை எடுத்துக்கொண்டு செல்லியம்மாள் பின்னால் போனாள். வேறு யார் எடுப்பார்கள்?

துலுக்காணம் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.