ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழிப்பவன்

என் கொழுந்தனுக்கு நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். அவனும் "சொல்லுங்க அண்ணி" என்று சிரிப்பான். வேலை தேடி வந்தவன், ஒரு மாதம் தங்கிக்கொள்கிறேன் என்றான். ஒன்பது மாதம் ஓடிவிட்டது. வாடகை ஒப்பந்தத்தில் நான், என் கணவர், மகள் என்று மூன்று பேர்தான். வேறு யாரைத் தங்கவைத்தாலும் காலி செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆகவே அவன் மாடிப்படியில்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவான்.

அவனுக்குக் கொடுத்த இடம் கீசர் அறை. குளியலறையை ஒட்டி, ஒரு மெத்தை விரித்தால் நிறைந்துவிடும். சுவரில் கேஸ் கீசர், புகை வெளியே போக மேலே ஒரு குழாய், கீழே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையகல ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வரும் குளிர்காற்று நேராக அவன் காலில் அடிக்கும். பாவம் என்று நான்தான் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அதில் அடைத்தேன். அவன் விஷயத்தில் நான் காட்டிய கரிசனம் அந்த ஒன்றுதான்.

காலை ஐந்தரைக்கு என் கணவர் குளிப்பார், அடுத்து நான், அடுத்து மகள். ஏழு மணிக்கு இவனை உலுக்கி எழுப்பினால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். சில நாள் வாந்தியும் உண்டு. நேரத்துக்குப் போகாமல் இரண்டு வேலை கைவிட்டுப் போயிற்று. ராத்திரி முழுக்க போனைப் பார்த்தாயா என்று கேட்டால், பத்து மணிக்கே படுத்துவிட்டேன் என்பான். நான் நம்பவில்லை. என்னிடம் அசைக்க முடியாத சாட்சி ஒன்று இருந்தது: ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும் எங்களுக்கு முன்னால் எழுந்து, மகளோடு பந்து விளையாடிக்கொண்டிருப்பான். வேலை நாளில் மட்டும் வருகிற தலைவலி என்ன தலைவலி என்று எனக்குத் தெரியாதா? கணவரிடம் இதைச் சொல்லிச் சொல்லியே அவர் காதைப் புளிக்கவைத்தேன்.

வாடகை வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சோதனை நடக்க வேண்டுமாம். இரண்டு தடவை கேஸ் கம்பெனி ஆள் வந்து கதவைத் தட்டியபோது மூச்சுக் காட்டாமல் உள்ளேயே இருந்தோம். மூன்றாவது நோட்டீஸ், இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்றது.

சொன்ன நாளன்று கொழுந்தனைப் பையோடு பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பினோம். மெத்தை மகளின் கட்டிலுக்கு அடியில் போயிற்று, சட்டைகள் எங்கள் அலமாரிக்குள். கால்மாட்டில் துருத்திக்கொண்டிருந்த துண்டு காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் உருவி அழுக்குக் கூடையில் போட்டேன். அறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வந்தவர் நரைத்த தலையும் அளந்த பேச்சுமாக ஒரு பெண் மெக்கானிக். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அறைக் கதவை மூடி, கையில் மீட்டரோடு பத்து நிமிடம் உள்ளே நின்றார். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று படிவத்தை எடுத்தார். கடைசிக் கேள்வி, இந்த அறையில் யாராவது படுக்கிறீர்களா என்பது.

"இல்லைங்க. துணி காயப்போடுவோம், அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

மெக்கானிக் அதை எழுதிக்கொண்டார். பிறகு அந்த ஓட்டையைக் காட்டினார்.

"இதை மட்டும் அடைச்சிடாதீங்க. காத்து பத்தாம எரிஞ்சா விஷவாயு வரும், வாசனையே தெரியாது. முதல்ல தலைவலி, வாந்தி. தூங்கிட்டு இருக்கிறவங்க எழுந்திருக்காமலே போயிடுவாங்க."

எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். யாராவது குளித்து முடிக்கிற நேரம் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பத்து மணிக்கு முன்னால் யாரும் குளிப்பதில்லை.

கணவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். இனிமேல் திறந்தே வைத்துக்கொள்ளலாம், இதற்குப் போய் வீட்டை இழக்க வேண்டுமா என்பதுதான் அந்தப் பார்வை. நியாயம்தான். ஆனால் குளிர் கூடியதும் துண்டு திரும்ப அங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, என் கை செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அழுக்குக் கூடையிலிருந்து துண்டை எடுத்துவந்து, மண்டியிட்டு, வழக்கம்போல் இறுக்கமாக அடைத்தேன்.

"இப்ப ஒரு தடவ பாருங்க."

மெக்கானிக் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி கதவை மூடினார். ஏழாவது நிமிடத்தில் மீட்டர் அலறியது. வெளியே வந்து கேஸை அடைத்தார், ஜன்னல்களைத் திறந்தார், கீசரில் சிவப்புச் சீட்டை ஒட்டினார். பிறகு படிவத்தை எடுத்து, இல்லை என்று எழுதியதை அடித்தார்.

"யாரு?"

"என் கொழுந்தன். பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கான்."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

ஒன்பது மாதமாக அங்கேதான் படுக்கிறான் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீட்டு ஓனர் முப்பது நாள் கெடு கொடுத்தார். கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, எட்டாம் நாள் அவரே வீடு பார்க்கக் கிளம்பினார். கொழுந்தனிடம் துண்டை அடைத்தது நான்தான் என்றேன். "குளிருதுன்னு சொன்னது நான்தானே அண்ணி" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

இப்போதைய வீடு அதைவிடச் சின்னது. ஒப்பந்தத்தில் நான்கு பெயர். அவன் கூடத்தில் படுக்கிறான், ஐந்து மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டி எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கிறான். நான் படுத்தபடியே அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஐந்து நிமிடம் தாமதமானால் எழுந்து போய், அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.