வஹீதாவின் பதிவு ரத்தாகுமா?

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் பேய்க்கதைதான் எழுதுவதாக இருந்தேன். செருப்பு வாங்க ஆம்பூர் போன இடத்தில், ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் கூடம் நடத்துகிற வஹீதா வருமான வரிச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். பேயை விட்டுவிட்டேன்.

2.
முதல் தொடக்கம்: 'வஹீதாவின் கண்களில் நீர்...'

அடித்துவிட்டேன். வரைவைப் படித்ததும் அவர் கேட்டார்: "நான் எங்க சார் அழுதேன்? பேஜாரா இருக்குன்னேன். அவ்ளோதான்."

3.
இனி சட்டம். (கொட்டாவி விடுபவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள்.) சிறுதொழில் என்று பதிவு செய்தவருக்கு, வேலை வாங்கிய கம்பெனி நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடுவோடு மார்ச்சையும் தாண்டினால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது, வரி கூடும். வஹீதாவைக் காக்க வந்த சட்டம். ஆம்பூர் வழக்கமோ, ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்பிய பிறகுதான் உள்ளூருக்கு. அதற்கு மூன்று மாதமாகும். பதிவே இல்லாதவருக்கு இந்தக் கெடுவும் இல்லை.

ஆகவே கம்பெனியின் கணக்கு மேலாளர் நவநீதன் வந்தார். (வில்லன் கிடைத்தார் என்று மகிழ்ந்தேன். மனிதர் மரியாதையாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்தார்.)

"உங்க பதிவ ரத்து பண்ணிடுங்கம்மா. வெள்ளிக்கெழம ஆர்டர் தர்றேன். இல்லன்னா மேல்விஷாரத்துக்குப் போய்டும்."

"ரத்து பண்ணா பணம் எப்ப சார் வரும்?"

"எப்பவும் வர்ற மாதிரிதான்."

"அப்ப வராதுன்னு சொல்லுங்க."

அவரே சிரித்துவிட்டாராம்.

4.
முடிவு அ: வஹீதா மறுக்கிறார், கம்பெனி திருந்துகிறது. (எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு ஆ: ரத்து செய்கிறார். ஆர்டர் வருகிறது. பதினொரு பெண்களுக்கு வேலை. முதல் சம்பள நாளன்று...

எதைப் போடட்டும் என்று போனில் கேட்டேன்.

"ரெண்டும் வேணாம் சார். அவரு உங்க பத்திரிகைய விடாம படிக்கிறவரு. ரத்து பண்ண மாட்டேன்னு தெரிஞ்சா ஆர்டர இன்னைக்கே மாத்திடுவாரு. பண்ணுவேன்னு தெரிஞ்சா ரேட்ட கம்மி பண்ணுவாரு."

"பேர மாத்திட்டேனேம்மா."

"இத்தினி மிஷின் வெச்சிருக்க பொம்பள ஆம்பூர்ல எத்தினி பேரு?"

அதன் பிறகுதான் பெண்களின் எண்ணிக்கையைப் பதினொன்று என்று குறைத்தேன். கம்பெனி இன்னும் செய்யாததை நான் ஒரே கோட்டில் செய்தேன்: சில பெண்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

5.
இதழ் வியாழக்கிழமையே கடைக்கு வந்துவிடும். ஆகவே வாசகர்களே, முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தாலும் சரி, மறுத்தாலும் சரி, உங்களுக்கு நஷ்டமில்லை.

நவநீதன் சார், உங்களுக்குத் தனியாக ஒன்று. அந்த அம்மா என்ன செய்யப் போகிறார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

(தெரியும்.)