போட்டாச்சு

மார்க்கெட்டுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிய அருள்பாண்டியின் முதுகில் ஒச்சாயிதான் முதல் முத்தைப் பார்த்தாள். மகனைப் பாயில் படுக்க வைத்துவிட்டு நேராக வேப்பிலை ஒடிக்கப் போனாள். பரவைக்கு வாழ வந்து ஐந்து மாதம்கூட ஆகாத தமிழ்வாணிக்கு அன்றோடு புருஷனின் அறை அடைபட்டது. வாசலை மறித்து நின்றவள் பக்கத்துத் தெருவில் வாக்கப்பட்டிருந்த நாத்தனார் நாகஜோதி.

அம்மை கண்டவள்தான் உள்ளே போகலாம், இது நாகஜோதியின் சட்டம். பசுமலை ஹாஸ்டலில் இருந்தபோது தனக்கு அம்மைக்கு இரண்டு ஊசி போட்டதைத் தமிழ்வாணி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

"ஊசி போட்டவள ஆத்தாவுக்கு அடையாளம் தெரியாது. எனக்குச் சின்னதுலயே போட்டாச்சு" என்று ரவிக்கைக் கையை ஏற்றி வட்டத் தழும்பைக் காட்டினாள் நாகஜோதி. ஆமாம், அவளுக்குப் போட்டாச்சு என்று ஒச்சாயியும் அடுப்படியிலிருந்து சாட்சி சொன்னாள். அதே மாதிரி ஒரு தழும்பு தன் கையிலும் இருப்பது, இருந்த கோபத்தில் தமிழ்வாணிக்குத் தோன்றவேயில்லை.

தமிழ்வாணி விடுவாளா? தல்லாகுளத்து டாக்டரிடமே போய்க் கேட்டு வந்தாள். அம்மை வந்து போனாலும் சரி, ஊசி போட்டாலும் சரி, உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். வந்து போனவர்களுக்குப் பலம் கொஞ்சம் கூடுதல், ஆனால் அதற்குக் கிடந்து அவதிப்பட வேண்டும். ஊசி போட்டவர்களுக்கு எப்போதாவது வந்தாலும் லேசாகப் போய்விடும் என்று அவர் சொல்லியிருந்தார். அதை வந்து சொன்னபோது நாகஜோதியின் காதில் பாதிதான் ஏறியது. வந்து போனவளுக்குத்தான் பலம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம் என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகப் போனில் பேசிக்கொண்டார்கள். தமிழ்வாணிக்கு அழுகையாக வந்தது. தன் வீட்டிலேயே தான் விருந்தாளியா?

தலைக்குத் தண்ணீர் ஊற்றி அருள்பாண்டி மறுபடி மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கிய வாரத்தில், நாகஜோதி முகமெல்லாம் முத்தோடு அம்மா வீட்டுக்கு வந்து அதே பாயில் விழுந்தாள்.

"மதினிக்குத்தான் சின்னதுலயே போட்டுச்சுன்னீங்களே அத்தை?"

"ஆமா. நர்சம்மா வீட்டுக்கே வந்துல்ல போட்டுச்சு" என்றாள் ஒச்சாயி, வெகுளியாக.

தமிழ்வாணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வட்டத் தழும்பு, பிறந்த பிள்ளைக்கெல்லாம் காசநோய்க்குப் போடுகிற ஊசியால் வந்தது; அம்மைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதை அம்மைத் தழும்பென்று நம்பி இத்தனை நாள் உள்ளேயே கிடந்திருக்கிறாள். நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இளநீரும் வேப்பங்கொத்துமாக உள்ளே போனாள்.

நாகஜோதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ வராத. ஒனக்கும் ஒட்டிக்கிரும்."

"எனக்குப் போட்டாச்சு மதினி" என்று தமிழ்வாணி பாயோரம் உட்கார்ந்து, அரிக்கும் முதுகை வேப்பங்கொத்தால் மெல்லத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நாகஜோதி இன்னும் கொஞ்சம் கீழே என்று இடம் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்வாணியின் மணிக்கட்டில் சிவப்பாக ஒன்று தடித்திருந்தது. ஒச்சாயி கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆத்தா ஒத்த முத்தோட விட்டுட்டாடி. ஒன்னயும் அடையாளம் கண்டுக்கிட்டா பாரு."

கடித்த கொசுவை அங்கேயே அடித்தது தமிழ்வாணிக்கு நன்றாக நினைவிருந்தது. மாமியார் மஞ்சளைக் குழைத்து அந்த ஒரு புள்ளிமேல் அப்பினாள். அது காய்ந்து இறுகும்வரை தமிழ்வாணி கையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள்.