கட்டிவிட ஓர் ஆள்

நூற்று அறுபது கைகளும் நான்கு நீள மேசைகளில், உள்ளங்கை மேலே பார்த்தபடி, வரிசையாகக் கிடந்தன. பட்டியலோடு சரிபார்க்க உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மருந்துக் கடைக்கு அரை நாள்தான். "மூக்கு முகத்துல ஒட்டியிருக்கிறதால தப்பிச்சுது அண்ணா. இல்லன்னா அதையும் மறந்துட்டுத்தான் போவீங்க. கொண்டு வர்றேன், இருங்க" என்றாள்.

எங்கள் சேவைச் சங்கத்தில் பதினான்கு பேர். கண் பரிசோதனை முகாம், ரத்ததானம், மரக்கன்று என்று எல்லாச் சங்கங்களும் செய்வதை நாங்களும் செய்கிறோம். ஆனால் எங்களுக்கென்று ஒரு வேலை உண்டு என்றால் அது இந்தக் கைகள்தான். கடலுக்கு அப்பால் எங்களைப் போலவே ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் நாட்டில் சண்டை ஓய்ந்து ஒன்பது வருடமாகியும் வயலில் புதைந்த வெடிகள் ஓயவில்லை. மணிக்கட்டோடு கை போனவர்களுக்குச் செயற்கைக் கை கொடுக்க, விரல், உள்ளங்கை, திருகு, வார் எல்லாம் தனித்தனியாக வரும் பெட்டிகளை வாங்கி, நூலக மாடியில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து பூட்டி அனுப்புகிறோம். நான் செயலாளர். அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், எழுதியதற்கு நகல் வைப்பதும், வந்ததற்குத் தேதி போட்டுக் கோப்பில் சேர்ப்பதும் என் வேலை.

பூட்டிய கையை அப்படியே அனுப்பிவிட மாட்டோம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். இருவர் ஜோடியாக உட்கார வேண்டும். ஒருவர் தன் கையை முஷ்டியாக மடக்கிக்கொள்வார். அடுத்தவர் அந்த முஷ்டியின் மேல் கையைச் செருகி, முழங்கைக்குக் கீழே வாரை இழுத்து, பெல்ட்டில் இருப்பதுபோன்ற பக்கிளில் ஊசியை மாட்டிவிடுவார். பிறகு முஷ்டிக்காரர் அந்தப் பிளாஸ்டிக் விரல்களால் பேனா பிடித்துத் தன் பெயரை எழுத வேண்டும். கனமான அகராதி ஒன்றைத் தூக்க வேண்டும். இரண்டும் முடிந்தால் இருவரும் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். நான்கு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் கைகள் இப்படிப் போயிருக்கின்றன. ஒன்றுகூடக் கோளாறு என்று திரும்பவில்லை. ஆண்டறிக்கையில் அந்த வாக்கியத்தை நான் ஒவ்வொரு முறையும் தனிப் பத்தியாக எழுதுவேன்.

நான் சங்கத்தில் சேர்ந்ததே தங்கையால்தான். பத்தொன்பது வயதில், அச்சகத்தில், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் அவளுடைய இடது கை மணிக்கட்டோடு போனது. நான் முதன்முதலில் பூட்டிய கையை, தலைவரிடம் அனுமதி வாங்கி, அவளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருக்கு அண்ணா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அது பீரோவுக்குள் போயிற்று. நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாளோ என்று பயம். அவள் அழுது நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவள் படியேறி வந்தபோது மணி பன்னிரண்டு. கண்ணாடியை என் முன்னால் வைத்தாள். மேசைகளைப் பார்த்தாள். எல்லோரும் சட்டென்று வேறு எதையோ செய்ய ஆரம்பித்தார்கள். எங்கள் தலைவர் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அவர் மட்டும், "வாம்மா, வா. இவ்ளோ நாளா நாங்கதான் நடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தோம். நீ ஒண்ணு போட்டுப் பாத்துச் சொன்னா எங்களுக்குப் பெருமைதானே?" என்றார். அவள் மறுப்பாள், நான் சமாளிக்க வேண்டும் என்று எழுந்தேன்.

"சரி, குடுங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, இடது முழங்கையை மேசையில் ஊன்றி, வலது கையால் ஒரு பிளாஸ்டிக் கையை எடுத்துச் செருகிக்கொண்டாள். நான் பழக்கத்தில் வாரைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"நீங்க கட்டாதீங்க அண்ணா. நானே கட்டிக்கிறேன்."

வாரைச் சுற்றிப் பக்கிளுக்குள் விட்டாள். இழுத்தால் கை முழுவதும் திரும்பியது. அது திரும்பாமல் வலது கையால் மார்போடு அணைத்துப் பிடித்தால், இழுக்க ஆள் இல்லை. வாரைப் பல்லில் கடித்து இழுத்தாள், இறுகியது. ஆனால் ஊசியைத் துளையில் நுழைக்க விரலை விட்டதும் பக்கிள் புரண்டது. மறுபடி. மறுபடி. அவசரமே இல்லை அவளுக்கு. கடையில் மருந்துப் பொட்டலத்தை ஒற்றைக் கையால் நூல் சுற்றி முடிச்சுப் போடுகிறவள். அந்த முடிச்சைப் பார்க்கவே சிலர் மாத்திரை வாங்க வருவார்கள். அவளாலேயே முடியவில்லை. எதிரே எங்கள் பதினான்கு பேர் மடியிலும் இருபத்தெட்டுக் கைகள் சும்மா கிடந்தன.

கடைசியில் அதைக் கழற்றி, இருந்த இடத்திலேயே உள்ளங்கை மேலாக வைத்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு டாக்டர். காலையில எழுந்ததும் இதை அவங்களுக்கு யார் கட்டி விடுவா?"

மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தேன். ஜோடிச் சோதனை. எப்போதும் ஒருவருக்கு இன்னொருவர் கட்டிவிட்டோம். நானூறு முறை கட்டிவிட்டோம். சீட்டில் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

"இதுவரைக்கும் அங்கேர்ந்து யாரும் ஒரு குறை சொல்லலையேம்மா" என்றார் தலைவர். குரல் சிறுத்திருந்தது.

"சும்மா குடுத்ததுல யாரு டாக்டர் குறை சொல்லுவா?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "தினமும் காலையில ஒருத்தரைக் கூப்பிட்டு, கட்டி விடுங்கன்னு கை நீட்டணும். அதுக்குக் கை இல்லாமலே இருந்துடலாம்" என்றாள்.

கோப்பை எடுத்தேன். பக்கங்களைப் புரட்டினேன். போன மார்ச்சில் அந்தச் சங்கத்திலிருந்து வந்த கடிதம். 'நீங்கள் அனுப்பிய கைகளை எங்கள் மக்கள் விலைமதிப்பற்ற பொருளாகப் பாவித்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.' அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, கூட்டத்தில் இரண்டு முறை உரக்கப் படித்தவன் நான். கைதட்டினார்கள்.

ஆறு மணிக்கு லாரி வரும். கப்பல் மறுநாள். தவறவிட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. "இந்தத் தடவை இப்படியே போகட்டும், அடுத்த தடவை மாத்திக்கலாமே" என்று மூலையிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அரை நொடிக்கு முன் அதையேதான் நானும் நினைத்திருந்தேன்.

டெய்லர்தான் எழுந்தார். எங்கள் சங்கத்திலேயே பேச்சுக் குறைவானவர் அவர். "அம்மா, எப்படி இருந்தா நீயா கட்டிக்குவே? அதை மட்டும் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. நான்கு வருடமாக யோசித்து வைத்திருந்தாள் போலிருந்தது. "பக்கிள் வேணாம். ஒரு வளையம். வார் அதுல எப்பவும் கோத்தே இருக்கணும், கழண்டு வரக்கூடாது. வளையல் மாதிரி உள்ளே கையை விட்டுட்டு, நுனியைப் பல்லால இழுத்து, திருப்பி அமுக்கினா ஒட்டிக்கணும்."

"ஸ்கூல் பை வார்" என்றார் டெய்லர். "வளையமும் ஒட்டுற பட்டையும் கடையில ஒரு மூட்டை கிடக்கு. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்குன்னு வாங்கினது." சொல்லி முடிப்பதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

அவருடைய தையல் மிஷினை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பக்கிளைப் பிரிக்க ஐவர், வெட்ட மூவர், வளையம் கோக்க நால்வர். மிஷின் நிற்கவே இல்லை. முதல் வாரை அவளிடம் கொடுத்தபோது அவள் அதைப் போடாமல் தலைவரிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க டாக்டர். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால வச்சிக்குங்க."

"ரெண்டு கையும் இல்லாம எப்படிம்மா?"

"ஒரு கை செருகின கை. இன்னொண்ணு கடைசியில பட்டையை அமுக்க மட்டும் வரலாம், முதல்ல எட்டிப் பாக்கக்கூடாது. பல்லால ஆரம்பிங்க."

தலைவர் குனிந்து வார் நுனியைக் கடித்தார்.

"பல்லு பத்திரம் டாக்டர்" என்றார் டெய்லர், மிஷினிலிருந்து தலை நிமிராமல். "போச்சுன்னா எந்த டாக்டர்கிட்ட போவீங்க?"

அப்போதுதான் அந்த அறையில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. தலைவர் சிரிக்க வாய் திறந்ததில் வார் நழுவி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சோதனை முறையை அங்கேயே மாற்றினோம். ஜோடி கிடையாது. பூட்டியவர் தானே மாட்டி, தானே இறுக்கி, எழுதி, தூக்கி, தானே கழற்ற வேண்டும். நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தபோது நான் ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டு அறையைப் பார்த்தேன். வங்கி மேலாளர், மின்வாரியக்காரர், இரண்டு ஆசிரியைகள், பேக்கரி முதலாளி எல்லோரும் குனிந்து, வாரைப் பல்லில் கவ்வி, கண்ணை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை. பட்டை ஒட்டிப் பிரியும் சரசரப்பு மட்டும். பள்ளியில் பரீட்சை எழுதியபோதுகூட இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு காலையிலும் எங்கள் வீட்டுப் பின்னறையில், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம், அவள் தலை பின்னிக்கொண்டதும் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டதும் இந்த அமைதியில்தான் நடந்திருக்கிறது. "இன்னும் என்ன பண்றே?" என்று வெளியிலிருந்து கத்தியவன் நான்.

என் பங்கில் கடைசிக் கை. நுனியைக் கடித்தேன். துணியும் எண்ணெயும் கலந்த ருசி. நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. அவள் பக்கத்திலேயே நின்றாள், உதவவில்லை. மூன்றாம் முறை வளையத்துக்குள் வார் ஓடி முழங்கைக்குக் கீழே கவ்விப் பிடித்தது. யாரோ என்னை உறுதியாகப் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. பேனா பிடித்துப் பெயரை எழுதினேன், அகராதியைத் தூக்கினேன்.

"அண்ணாவுக்கு வந்துடுச்சு" என்று அவளிடம் சொல்லத்தான் நிமிர்ந்தேன். பக்கத்தில் இல்லை.

அறைக் கோடியில், தண்ணீர்க் குழாயருகே, எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். அவளுடைய இடது பக்கத்தில் ஒரு கை இருந்தது. எந்த மேசையிலிருந்து எடுத்தாள், எப்போது மாட்டினாள், யாரும் பார்க்கவில்லை. அந்த விரல்களுக்குள் ஒரு டம்ளர். வலது கையால் குழாயைத் திறந்திருந்தாள். டம்ளரைக் கீழே வைக்காமல், பிடித்துக்கொண்டே.

கீழே லாரி ஹாரன் அடித்தது. டம்ளர் நிறைந்து, பிளாஸ்டிக் விரல்களின் மேல் வழிந்து, கணுக்களின் இடுக்கில் ஓடிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.